ஆனிமேரியின் பங்கு

"சார், காலைல வெளிய போனீகளா?"

இம்மானுவேல் வாத்தியார் இட்லியைச் சாம்பாரில் முக்கி வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்துத்தான் ஆனிமேரி வாசலில் வந்து நிற்பாள். கதவைத் தட்டுவது, தொண்டையைச் செருமுவது எல்லாம் அவளிடம் கிடையாது. வாத்தியார் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். "சாப்புடுற நேரம்மா" என்று கெஞ்சுவார்.

"அதேன் கேக்குறேன். உள்ள போறது கண்ணுக்குத் தெரியுது. வெளிய போறது எனக்கு எப்படித் தெரியும்? தண்ணியாவா, கெட்டியாவா?"

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, கெட்டி என்பதற்குக் கையால் ஒரு சாடை காட்டுவார். அப்போதும் விடமாட்டாள். "வாயத் தொறந்து சொல்லுங்க சார். பரீட்சையில சாடை காட்டுனா நீங்க மார்க்குப் போட்டீகளா?"

பசுமலைக்குக் கீழே, தண்டவாளத்தை ஒட்டியது எங்கள் காலனி. ஆனிமேரி எனக்கு மருமகள் முறை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பேயாண்டியின் கடைசி மகள். பேயாண்டியின் அக்காளைத்தான் என் பெரியப்பன் மகன் கட்டியிருந்தார். பிறந்தபோது வைத்த பெயர் பாண்டியம்மாள். அவள் ஊருக்குப் பெயிண்ட் அடிக்கப் போன ஆசீர்வாதத்தைக் கட்டிக்கொண்டு, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, ஆனிமேரி ஆனாள். வேதக்காரர்கள் இருக்கிற மேலத்தெருவில் அவள் மேரி, கீழத்தெருவில் பாண்டியம்மா. கீழத்தெருவில் யாராவது முனியாண்டி கோயில் திருநீறு நீட்டினால் பூசிக்கொள்வாள். தெரு திரும்பும்போது முந்தானையால் துடைத்துக்கொள்வாள். கேட்டால், "ரெண்டு சாமியும் எனக்குச் சொந்தந்தேன் மாமா. ஒண்ணு பொறந்த வீடு, ஒண்ணு வாக்கப்பட்ட வீடு" என்பாள்.

காலனியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓயாமல் வயிற்றாலை போய்க்கொண்டிருந்தது. எஸ்தரின் கைப்பிள்ளையை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றி, துணியில் சுற்றிய குச்சி மாதிரித் தூக்கி வந்தார்கள். அப்போதுதான் ஒரு கல்லூரியிலிருந்து பிரியம்வதா என்கிற டாக்டர் வந்தார். இது ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். கண்டுபிடிக்கப் போவது டாக்டர்கள் மட்டும் இல்லையாம், காலனிக்காரர்களும் சேர்ந்தாம். ரேஷன் கடைச் சுவரில் பேனர் கட்டினார்கள்: சமூகப் பங்கேற்பு ஆய்வு.

அந்தப் 'பங்கு'தான் கெடுத்தது. பங்கு என்றால் எங்கள் பக்கம் மாதா கோயில் பங்கு, ஒரு சாமியாருக்குக் கீழே வருகிற வேதக்காரர் கூட்டம். கீழத்தெரு, "வேதத்துல சேக்க வந்துட்டாக" என்று கதவைச் சாத்திக்கொண்டது. மேலத்தெரு, "பங்குச் சாமியார் பூசையில ஒரு வார்த்தை சொல்லலையே" என்று முறுக்கிக்கொண்டது. முத்துக்குமரன் ஒருத்தன்தான் ஆவலாக வந்தான், கையில் தூக்குவாளியோடு. ஆட்டுக்கறி பங்கு போடுகிறார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆனிமேரி ரேஷன் கடைப் படியில் ஏறி நின்றாள். "ஏய், பங்குன்னா கோயிலும் இல்ல, கறியும் இல்ல. ஒன் வீட்டு வயித்தாலையில ஒனக்கு இருக்குற பங்கு! வந்து சொல்லிட்டுப் போங்க!"

பிரியம்வதா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே ஆனிமேரி வீடு வீடாகக் கேட்டு வருகிறவள் ஆகிவிட்டாள்.

கேட்பதில் அவளை நம்பி விட்டுவிட முடியாது. வயிற்றாலையைப் பற்றிக் கேட்கப் போன வீட்டில், "மருமக கொழம்பாலதேன் இருக்கும்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வருவாள். அவள் அடுத்த வாசலுக்குப் போவதற்குள் இந்த வீட்டில் பாத்திரம் உருளும்.

"மேரிக்கா, கேள்வியை மட்டும் கேளுங்க. பதிலையும் நீங்களே சொல்லக் கூடாது" என்று பிரியம்வதா கும்பிட்டே கேட்டார்.

"அவுக முழிக்கிறாகளே டாக்டரு! பாவமா இருக்குல்ல?"

கேட்டதையெல்லாம் பிரியம்வதாவுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்புவாள். நடுநடுவே குக்கர் விசிலும் ஆசீர்வாதத்துக்கு விழுகிற ஏச்சும் சேர்ந்தே போகும். ஒரு நாள் தெருவின் வயிற்று நிலவரம் முழுவதையும் மகள் ஆஷ்லினுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தி வீட்டுக் குரூப்பில் போட்டுவிட்டாள். கேட்டுப் பார்த்தார்களோ என்னவோ, சம்பந்தியம்மாள் 'ஆமென்' என்று பதில் போட்டிருந்தார்.

ஆஷ்லினுக்கு ஆவணியில் கலியாணம். தாய்மாமன் மாலை விழாமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணும் வாசல் தாண்ட மாட்டாள். எந்த வேதத்தில் சேர்ந்தாலும் அது மாறாது. ஆஷ்லினின் தாய்மாமன் நல்லகாமன், ஆனிமேரியின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். தங்கச்சிக்குப் பின்னால் அவனும் இங்கே பிழைக்க வந்து, கீழத்தெரு முனை வீட்டில் இருக்கிறான். போன கோடையில் அவன் சாக்கடையை ஒட்டிப் போகிற குடிதண்ணீர்க் குழாயை உடைத்து, திருட்டு மோட்டார் மாட்டி, உடைத்த இடத்தைப் பழைய சைக்கிள் டியூபால் சுற்றிவைத்தான். எல்லாரும் பார்த்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நல்லகாமனின் வாய்க்குப் பயந்தவர்கள் பாதி, அவனுக்குச் சொந்தக்காரர்கள் மீதி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின் ரேஷன் கடை முன்னால் காலனியைத் தரையில் வரையச் சொன்னார் பிரியம்வதா. பெண்கள் கோலப்பொடியால் தெருக்களை இழுத்தார்கள். நீலப்பொடியில் தண்ணீர்க் குழாய் ஓடியது. பிள்ளைக்கு வயிற்றாலை போன வீட்டுக்காரர்கள் அவரவர் வீட்டில் சிவப்புப்பொடி வைத்தார்கள். எஸ்தர் இரண்டு தடவைக்கும் சேர்த்து இரண்டு கை அள்ளி வைத்ததில் கோடெல்லாம் சிவப்பானது. வைத்து முடித்ததும் பார்த்தால், நல்லகாமன் வீடு வரைக்கும் வெறும் வெள்ளை. அதற்கப்புறம் கடைசி வீடு வரைக்கும் சிவப்பு.

"இந்த முனையில குழாய்க்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் பிரியம்வதா.

எல்லாரும் கரண்டுக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தோம். "காக்கா கூடு கட்டிருக்கு டாக்டரு" என்றான் முத்துக்குமரன்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நல்லகாமன் வந்துவிட்டான். தரையில் தன் வீட்டைத் தேடிப் பிடித்து, காலால் தேய்த்து அழித்தான். "எவ வரஞ்சவ? என் வீட்டத் தாண்டிப் போறது நல்ல தண்ணி. எவனுக்காச்சும் சந்தேகமா?" என்றவன் தங்கச்சி பக்கம் திரும்பினான். "பாண்டியம்மா, ஆஷ்லினுக்கு மாமன் மாலை வேணுமா வேணாமா? வீட்டுக்குப் போயி யோசி."

ஆனிமேரி விறுவிறுவென்று எஸ்தர் வீட்டுக்குள் போனாள். காலையில் குழாயில் பிடித்துவைத்த குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மோந்துகொண்டு வந்தாள். வலது கையால் நீட்டி, இடது கையை முழங்கையில் வைத்துக்கொண்டாள், பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி.

"வாண்ணே. வெயில்ல வந்துருக்க. தண்ணி குடி."

தங்கச்சி நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்று சொன்னால், சொந்தத்தையே வேண்டாம் என்று சொன்னதாகத்தான் எங்கள் சாதிசனத்தில் அர்த்தம். அப்படிச் சொல்லிவிட்டு எந்த மாலையோடும் அந்த வாசலில் ஏற முடியாது. நல்லகாமன் சொம்புக்குள் பார்த்தான்.

"இப்பத்தேன் வீட்டுல குடிச்சேன்."

"அது ஒன் வீட்டுத் தண்ணி. இது ஒன் வீட்டத் தாண்டி வந்த தண்ணி. நல்ல தண்ணின்னியேண்ணே."

அவள் குரலில் கேலி இல்லை. யாரும் சிரிக்கவில்லை. நல்லகாமன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான். வீம்புக்காரன், பேயாண்டி ரத்தம். வெடுக்கென்று சொம்பை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனான்.

அது உதட்டில் படுவதற்குள் ஆனிமேரி எட்டி, சொம்பின் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.