பம்புப் பெட்டியில் வந்த காகிதம்

அப்பாவின் அஸ்தியைக் கரைக்க அவருடைய காரிலேயே போகவேண்டும் என்றாள் அம்மா. பவர் ஸ்டியரிங் பம்பு ஒழுகியதால், குஷாய்குடா வீட்டு வாசலிலேயே புதுசு மாட்டினேன். பெட்டியில் இருந்த இங்கிலீஷ் காகிதத்தை அக்கா புருஷன் எடுத்துப் படித்தார். பேனா பிடிக்கிற அந்தக் குமாஸ்தாவைக் கண்டாலே எனக்கு இளக்காரம்.

"மாப்ளே, ஆயில் ஊத்தாம ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு போட்டிருக்குடா."

"நக்கோ அத்தான், உங்க யோசனை வேணாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவங்கல்லாம் பேசாதீங்க. பெல்ட் சுத்துதான்னு பாத்துட்டு ஊத்திக்குறேன்."

சாவியைத் திருப்பினேன். பம்பு அலறி இறுகியது, பெல்ட்டும் அறுந்தது.

அம்மா கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

"அப்பா போன துக்கத்துல பையனுக்குக் கை ஓடல" என்று அத்தான் எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் என்னைத் தடவிக்கொடுத்தார்கள்.

அது வெறும் திமிர் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.