சும்மா உட்கார வந்தவள்

மைசூரில் எங்கள் தெருக்கோடியில் ஓர் அரசமரம் இருக்கிறது. அடியில் நாகர் கல், சுற்றிலும் கருங்கல் மேடை. இங்கே அதைக் கட்டே என்பார்கள். காலையில் அது பெண்களுடையது. ஈரத்தலையோடு சுற்றுவோம், நாகருக்கு மஞ்சள் பூசுவோம், வீட்டுக்கு ஓடுவோம். சாயங்காலம் ஸ்வெட்டரும் குல்லாயுமாக வயதான ஆண்கள் வந்து உட்காருவார்கள், இருட்டும் வரை எழுந்திருக்க மாட்டார்கள். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. ஆனாலும் இத்தனை வருடமாக அந்த மரத்தைச் சுற்றியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை.

இதைக் கேட்டு, கன்னட ஊரே இப்படித்தான் என்று நம் ஊரில் இருப்பவர்கள் தலையாட்ட வேண்டாம். நான் பிறந்த மேட்டூர்ப் பக்கம் நம் தெருவிலும் இதே கதைதான். ஆண்கள் டீக்கடை பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். பெண்கள் நாங்களும் வாசலில் உட்காருவோம், ஆனால் மடியில் முறமோ கீரையோ இருக்கும். வெறுங்கையோடு உட்கார்ந்த பெண்ணை அங்கே நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நானே ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் நஞ்சன்கூடு தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மாலை போட்டு வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் முதல் கட்டே அவருடையது. எனக்கும் வயது ஆகத்தான் ஆகிறது, என் மூட்டும் தேய்ந்துதான் கிடக்கிறது. அடுப்படிக்கு வந்து எனக்கு மாலை போடப் போவது யார்? சாயங்காலம் கொஞ்ச நேரம், வெளியே, கையில் வேலை எதுவும் இல்லாமல் உட்கார வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

முதல் நாள் போய்க் கட்டேயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பேச்சு நின்றுவிட்டது. அவர்களில் மூத்தவரான சிவண்ணா பதறி எழுந்தார்.

“ஏனாய்த்தம்மா, தலெ சுத்துத்தா?”

தலை சுற்றவில்லை, சும்மா வந்தேன் என்றேன் என் கன்னடத்தில். நம்பவில்லை. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், இன்னொருவர் ஆட்டோ கூப்பிடட்டுமா என்றார். நல்ல மனிதர்கள், கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் நோயாளியைப் போல என்னைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் நான் செருப்பை மாட்டியதும் வீட்டுக்காரர் ஒரு பை அவரைக்காயை நீட்டினார், நம் ஊர் மொச்சை மாதிரி உரித்துப் பருப்பெடுக்கிற காய். குளிர்காலத்தில் மைசூரில் அவரை உரிக்காத வீடு கிடையாது.

“கையில வேலை இருந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. எனக்கும் அவங்க முன்னாடி ஒரு மாதிரி இருக்குது.”

“உங்க கையில என்ன இருக்குது?” என்று கேட்டேன். பையை வாங்கிக்கொண்டு நடந்தேன், அவரும் பின்னாலேயே வந்தார்.

மேட்டூரில் என்றால் நான் இப்படிப் போய் உட்கார்ந்த சேதி பொழுது சாய்வதற்குள் அண்ணன் காதுக்குப் போயிருக்கும். இங்கே நான் வெளியூர்க்காரி. எந்த ஊர் நீங்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். மேட்டூருக்குப் போனால், உங்க ஊருக்கு எப்போது கிளம்புகிறாய் என்கிறாள் அண்ணி. இரண்டுமே உறுத்திய பேச்சுதான். அன்றைக்கு அதையே பலமாகப் பிடித்துக்கொண்டேன். எந்த ஊர்க்காரி என்றே முடிவாகாதவளுக்கு எந்த ஊர் வழக்கம்?

பையைக் கட்டேயின் நடுவே கவிழ்த்தேன். ஆளுக்குக் கொஞ்சம் உரிக்கலாமே என்று சொல்லிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். யாரும் அசையவில்லை. முதலில் காயை எடுத்தவர் என் வீட்டுக்காரர்தான், முகத்தை நிமிர்த்தாமல். பிறகு சிவண்ணா. அணையில் எத்தனை அடி தண்ணீர், தமிழ்நாட்டுக்கு எவ்வளவு திறந்தார்கள் என்று பேச்சு மறுபடி கிளம்பியது. என்னைப் பார்த்ததும் குரல்கள் தாழ்ந்தன. சத்தமாகவே பேசுங்கள், அது என் பிறந்த ஊருக்குப் போகிற தண்ணீர்தான் என்றேன். சிரித்தார்கள்.

காய் தீர்ந்தது. சிவண்ணா உரித்த பருப்பைப் பையில் போட்டுக் கட்டி என் பக்கம் நகர்த்தினார், கிளம்பலாமே என்பதுபோல.

“காய்தான் முடிஞ்சுது. நான் இப்பத்தான் உட்கார்ந்திருக்கேன்.”

தமிழில்தான் சொன்னேன். அவர் கன்னடத்தில் என்னவோ முனகிக்கொண்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.