மஹ்ரூப் எந்தப் பக்கம் பார்த்தான்

1979இல் அடையாள அட்டைப் படிவம் நிரப்ப வந்த கிராம சேவகர், மகன் பிறந்த திகதியைக் கேட்டார். ரபீக்கா, “பிறந்த திகதியோ, பிறந்திருக்க வேண்டிய திகதியோ?” என்று திருப்பிக் கேட்டாள். மனிதர் பேனையை மூடி வைத்துவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்? பதினெட்டு வருசமாக அந்தக் குழப்பத்தோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் போய்த் திகதி கேட்கலாமா?

கிண்ணியாத் துறையில் வாகனங்களையும் சனங்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான பெரிய படகைப் ‘பாதை’ என்றுதான் சொல்வார்கள். ரபீக்காவைக் கட்டிய மாப்பிள்ளை ஜமால்தீனுக்கு அதில்தான் வேலை. 1960 டிசம்பர் மாரியில், ஏழு மாத வயிற்றோடு அவளுக்கு வலி கண்டது. அந்தப் பாதையிலேயே ஏற்றிப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மஹ்ரூப் பிறந்தபோது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கினான். பஞ்சில் சுற்றி, வெந்நீர்ப் போத்தல் அணைத்து, பிரசவம் பார்த்துப் பிள்ளையைப் பிடித்த ஐவி மிஸ்ஸி என்ற தாதியே ஒரு மாதம் அவனைக் காப்பாற்றிக் கையில் கொடுத்தார்.

அவன் பிறந்து நாலாம் நாள், அடுத்த வளவில் இருந்த ரபீக்காவின் ராத்தா மைமூனாவுக்கு, மாதம் நிறைந்து கொழுகொழுவென்று ஒரு பெண் பிறந்தாள். பெயர் றம்ஸியா. பிழை தொடங்கியது அங்கேதான். கூடப்பிறந்த அக்கா தங்கச்சியின் பிள்ளைகள், அதுவும் ஒரே கிழமை. அதனால் எல்லாம் ஒன்றாகவே நடந்தது. நாற்பது கழித்ததும் ஒன்றாக, முடி இறக்கியதும் ஒன்றாக, பாயில் கிடத்தியதும் அருகருகே. அப்படிக் கிடத்திவிட்டு ஒப்பிடாமல் இருக்கச் சொன்னால் எந்தக் கண் கேட்கும்?

றம்ஸியா ஆளைக் கண்டால் விடமாட்டாள். போகிற பக்கமெல்லாம் கண்ணாலேயே கூட வருவாள். மஹ்ரூப் கூப்பிட்டால் சுவரைப் பார்த்தான், கொஞ்சினால் கண்ணை மூடினான். பார்க்க வந்த மாமா முஹம்மது தம்பி அவன் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கிவிட்டு, “இவனுக்குக் கண் தெரியுதோ புள்ள?” என்றார். கேட்டுவிட்டு ஆறஅமரத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்.

ரபீக்கா பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் இல்லாவிட்டாலும் வளர்ப்பாள், காது கேட்காவிட்டாலும் வளர்ப்பாள். தான்தான் உம்மா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா, இல்லையா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

பிறகென்ன, வீடே சந்தைக்கடை ஆயிற்று. மைமூனா பால்மா டின்னுக்குள் மஞ்சாடிக் கொட்டை போட்டுக் கிலுக்கினாள். ஒருத்தர் திறப்புச் சாவிக்கொத்தை ஆட்டினார், இன்னொருத்தர் லாம்பைக் காட்டினார். ஜமால்தீனின் காரியம் அதைவிட மோசம். துறையில் அக்கரையில் நின்று யாராவது இரண்டாம் தரம் கூப்பிட்டாலே அவனுக்குப் பொல்லாத கோபம் வரும். “ஒருதரம் கூப்பிட்டாக் காணும். கேட்டதுதானே, வாறம்தானே” என்று சீறுவான். அந்த மனிதன் வீட்டுக்கு வந்து, மூச்சு விடாமல் நாற்பது தரம் “மஹ்ரூப், மஹ்ரூப்” என்று கத்தினான்.

நோன்பு முடிகிற கிழமை ரபீக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐவி மிஸ்ஸியிடம் போனாள்.

“இப்ப எத்தினை மாசம்?” என்று மிஸ்ஸி கேட்டார்.

“மூண்டு.”

“இல்லை, ஒண்டு.”

“நீங்கதானே மிஸ்ஸி புள்ளையப் புடிச்ச?”

“ஓம், நான்தான் பிடிச்சனான். ஆனா இவர் வரவேண்டிய நாளில இருந்துதான் கணக்குப் பாக்கோணும். கண்ணும் சுகம், காதும் சுகம். நீங்கள் எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டால் அவர் களைச்சுப்போவார். முகத்தைக் காட்டினால் வாயைத் திறவாதேங்கோ. பொறுத்திருங்கோ.”

திரும்பிவரும்போது பாதையில் நின்றபடி ரபீக்கா விரல் விட்டு எண்ணினாள். பிறந்து மூன்று மாதம், வயது ஒரு மாதம். அப்படியானால் மிச்ச இரண்டு மாதமும் இந்தப் பிள்ளை எங்கே இருந்தது? என் மடியில்தானே கிடந்தது? ஒன்றும் விளங்கவில்லை. ராத்தாவிடம் சொன்னாள். “மிஸ்ஸிக்கு விசர்” என்று சொல்லிவிட்டு மைமூனா டின்னைக் கையில் எடுத்தாள்.

பெருநாள் கழிந்து இரண்டு கிழமையில் ரபீக்காவுக்குத் தடிமனும் சளியும் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு சொல் வெளியே வரவில்லை. மைமூனா வீட்டார் கலியாணத்துக்கு மூதூர் போயிருந்தார்கள். பகல், வீட்டில் சத்தமே இல்லை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. மஹ்ரூபை மடியில் கிடத்தி, கூப்பிட ஏலாமல், சும்மா குனிந்துகொண்டிருந்தாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் மெல்லத் திரும்பினான். அவள் மூக்குத்திக்கு வந்தான், பிறகு கண்ணுக்கு வந்தான். அங்கேயே நின்றான். திரும்பவும் சுவருக்குப் போனான். அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் நினைக்கும்போது, மறுபடி கண்ணுக்கு வந்தான்.

என்னைத்தான் பார்க்கிறானா, இல்லை எனக்குப் பின்னாலிருக்கிற யன்னல் வெளிச்சத்தையா? அவளுக்குத் தெரியவில்லை. மெதுவாகத் தலையை இருட்டுப் பக்கம் சாய்த்தாள். கண்ணும் கூடவே சாய்ந்து வந்தது.

சோறு கருகியது. அவள் எழும்பவில்லை. பகல் சாப்பாட்டுக்கு வந்த ஜமால்தீன், மணத்துக்கு ஓடிவந்து வாசலில் நின்று, “என்ன புள்ள இது?” என்றான். மஹ்ரூப் உடனே சுவருக்குத் திரும்பிவிட்டான். அவள் கையை நீட்டி மாப்பிள்ளையை இழுத்து உட்காரவைத்து, அவன் வாயைப் பொத்தினாள். இருவரும் அப்படியே இருந்தார்கள். எவ்வளவு நேரமோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

பிள்ளையின் தலை சுவரை விட்டு அவர்கள் பக்கம் அசைந்தது. கடல் தாண்டிக் கேட்கிற குரல்காரன், அவள் விரலிடுக்கால் மூச்சு மாதிரிச் சொன்னான்:

“வாறான் புள்ள. வாறான்.”

ரபீக்காவின் கண்ணீர் கழுத்துக்கு இறங்கியது. கை அசைந்தால் பிள்ளை திரும்பவும் சுவருக்குப் போய்விடுவான் என்று அவள் அதைத் துடைக்கவில்லை.