கலைவாணிக்குப் பதினாலு எஸ்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனை எவரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதில்லை. மெஷின் படுத்தால் நம் ஞாபகம் வரும், எழுந்தால் மறந்துவிடும். கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வில்லியனூரில் பழைய பத்திரங்களைப் பார்த்து டைப் அடிக்கும் ஒரு சின்ன ஆபீஸ். ஒரே பெரிய மெஷின்; அதில் ஏழு பெண்கள் தத்தம் மேஜையில் இருக்கும் திரை, கீபோர்டு வழியாகத் தத்தம் பெயரில் லாகின் செய்து வேலை பார்ப்பார்கள். அது நத்தையாக ஊர்ந்ததால் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எந்த வேலை மெஷினைத் தின்கிறது என்று பார்க்க எச்டாப் என்று ஒரு கருவி உண்டு. கட்டளை அடித்து நிறுவினால், யார் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று வரிவரியாகக் காட்டும். அதைப் போட்டேன்.

தெரியாத எழுத்து

நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்டது. நானே அடிப்பேன் என்று முதலாளி உட்கார்ந்தார். அந்தத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதன் குணம் அப்படி. எழுத்தைக் காணோமே என்று அவர் ஓங்கி ஓங்கிக் குத்தினார். மூன்று முறையும் தப்பு என்றது. நான் விளக்குவதற்குள் பக்கத்து மேஜையில் வேலை செய்துகொண்டிருந்த கலைவாணியின் கீபோர்டைப் பிடுங்கி வந்து மாட்டினார். அதிலும் தெரியாது சார், நம்பி அடியுங்கள் என்றேன்.

“கண்ணால பாக்காத எதையும் நான் நம்பறதில்லபா!”

கில்

கலைவாணி கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் என்பதால், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரம் வந்தால் நேராக அவள் மேஜைக்குத்தான் போகும். கணவர் மீன்பிடிக்கப் போகிறவர். கடலில் ஒன்றும் கிடைக்காத மாதங்களில் அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை ஏறும்.

ஒருவழியாகப் பாஸ்வேர்டு சரியாக விழுந்து கருவி ஓடியதும், மெஷினைத் தின்றது எது என்று அது காட்டிக்கொடுத்தது. பெண்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்க்க முதலாளி வைத்திருந்த கேமராவின் பதிவுதான். “இதைக் கில் பண்ணிடலாம் சார்” என்றேன் உரக்க. எங்கள் தொழிலில் நிறுத்துவதற்கு அதுதான் பெயர். கலைவாணி சட்டென்று திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

“அவரு கடலுக்குப் போயி மூணு நாளாச்சுண்ணா. நிறுத்துறேன்னு சொல்லுங்க, அந்த வார்த்த வேணாம்.”

எஸ்

கேமரா நின்றதும் மெஷின் பறந்தது. முதலாளிக்குத்தான் கை ஒடிந்தாற்போல ஆகிவிட்டது. கேமராவுக்குப் பதிலாக என் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டார். வரிக்கு வரி எஸ் என்று இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். எனக்கோ வீட்டுக்குப் போகப் பாகூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “எஸ்னா ஸ்லீப் சார், தூங்குது. ஆர்னா ஓடுது” என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஆள் அடுத்த எழுத்தைத் தட்டும்வரை காத்திருப்பதைத்தான் மெஷின் தூக்கம் என்கிறது. அந்தப் பாதியை நான் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து, வேலை முடிந்தது, வந்து உன் கருவியைக் கழற்றிவிடு என்று முதலாளியிடமிருந்து போன் வந்தது. போனால், கலைவாணியின் நாற்காலி காலி. தூங்குகிறாள் என்று வேலையை விட்டு எடுத்துவிட்டாராம். பிரெஞ்சுப் பத்திரத்துக்கு அகராதி, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் நிரல் என்று அவள்தான் அதிகம் திறந்து வைத்திருப்பாள். அதனால் அவள் பெயரில்தான் அதிக வரிகள் வந்திருக்கும். முதலாளி பெயரில் ஒரு வரியில் ஆர் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது வேறொன்றுமில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்த என் கருவியேதான்.

“மத்ததுங்களுக்கு நாலு எஸ், அஞ்சு எஸ். அவளுக்கு மட்டும் பதினாலு! இந்த ஆபீஸ்ல ஆர் போட்டு ஓடறவன் நான் ஒருத்தன்தாம்பா.”

ரிமூவ்

எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாளையிலிருந்து வேறு ஆளை வரச் சொல்லியாகிவிட்டதே என்றார். கருவியை நீக்கக் கட்டளை அடித்தேன். தொடரலாமா, வேண்டாமா என்று மெஷின் கேட்டது. ஒரு சின்னக் கருவியை எடுப்பதற்கே அது ஒரு வார்த்தை கேட்கிறது. கலைவாணியை எடுத்தபோது அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். வேறு வேலை கேட்டுக் கடலூருக்குப் போய்க்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், எஸ் என்றால் ஆள் தூங்குவதாக அர்த்தமில்லை, மெஷின் காத்திருப்பது என்று பாடம் நடத்தினேன். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே நின்றாள்.

“இத எங்கிட்ட வந்து சொல்றீங்களேண்ணா, நான் தூங்கலன்னு எனக்குத் தெரியாதா?”

இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் முழு அர்த்தத்தையும் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன், பாகூர் பஸ் தினமும் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது.