போயிட்டு வா என்று நான்தான் சொன்னேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வரிகூட நான் கட்டிச் சொன்னது இல்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நான் பதினோரு வருஷமாகக் கணக்கு டீச்சர். ஊகத்துக்கெல்லாம் மார்க் போடுகிற ஆள் இல்லை. இதில் வரும் மணிகளை அன்றைக்குக் கட்டியிருந்த கடிகாரத்தில் பார்த்து அன்று இரவே குறித்து வைத்தேன். அந்தக் காட்டின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு யாராவது கிளம்பிப் போய்விட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

என் பெயர் வைஜயந்தி. புனே பக்கம் தேஹு ரோட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ரவிசந்திரன் அங்கே ராணுவ டெப்போவில் வேலை பார்க்கிறார். பெரியவன் கௌஷிக்குக்கு ஒன்பது வயது. சின்னவள் ஸ்நேஹாவுக்கு அப்போது நாலரை. வாசலைத் தாண்டினால் ஹிந்தி, இல்லாவிட்டால் மராட்டி. அதனால் வீட்டுக்குள் தமிழ்தான் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். அதிலும் ஒரு விஷயத்தில் விடவே மாட்டேன். வெளியே கிளம்பும்போது யாரும் ‘போறேன்’ என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். கௌஷிக் பழகிவிட்டான். ஸ்நேஹாவுக்கு அது வாயில் நுழையவே இல்லை. பாதி ஹிந்தி, பாதி தமிழ் என்று ஒட்டவைத்து ‘ஜாகே வரேன்’ என்பாள். ஹிந்தியில் ‘ஜாகே’ என்றால் ‘போய்விட்டு’. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் எரிச்சல் வரும். ஒரு தடவை தொடையில் கிள்ளியும் இருக்கிறேன். 

போன மே மாதம், பள்ளிக்கூட லீவு. இரண்டு மலைக்காடுகள், ஐந்து நாள் என்று திட்டம் போட்டு, பழைய காரில் மூட்டை முடிச்சோடு கிளம்பினோம். முதல் காட்டில் மூன்று நாள் நன்றாகவே போயிற்று. காட்டெருமைக் கூட்டம் பார்த்தோம். ஜீப் குலுக்கியதில் கௌஷிக் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மரத்தில் ஒரு பெரிய மலை அணிலைப் பார்த்துவிட்டு ஸ்நேஹா அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அரை மணி நேரம் அழுதாள்.

நாலாம் நாள் வியாழக்கிழமை. சாயங்காலம் 5.15க்கு இரண்டாவது காட்டுக்குள் இருந்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓட்டு வீடு. முன்னால் வராந்தா, அதற்கு ஏற மூன்று சிமென்ட் படிகள். பின்னால் ஒரு பழைய கல் தொட்டி. எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, காய்ந்த சருகுதான் கிடந்தது. சுற்றிலும் வேறு வீடே கிடையாது. அடிவார ஊர் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போனில் சிக்னல் இல்லை.

காவல்காரர் பெயர் தோண்டிபா. அறுபது வயது இருக்கும். பாக்ரி ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் கடலைமாவுப் பிட்லாவும் செய்து மூடி வைத்தார். குழாயில் தண்ணீர் வராது என்று குளியலறையில் இரண்டு வாளி நிரப்பி வைத்தார். 6.30க்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு, “ஜாதோ” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மராட்டியில் ‘ஜாதோ’ என்றால் ‘போகிறேன்’. மராட்டிக்காரர்களும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான். கிளம்பும்போது ‘யேதோ’ என்பார்கள், அதாவது ‘வருகிறேன்’. கல்யாணமாகி இங்கே வந்த இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயிலிருந்தும் நான் ‘ஜாதோ’ கேட்டதில்லை. டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? யேதோ என்று சொல்லுங்கள் காகா (பெரியவரே) என்று சிரித்துக்கொண்டே திருத்தினேன். அவர் சிரிக்கவில்லை. படியை ஒரு தடவை பார்த்தார். இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நீங்களும் யாரையும் ‘வா’ என்று சொல்லி அனுப்பாதீர்கள் என்று மராட்டியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ரவியைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவரும் சிரித்தார்.

7.05க்குக் கரண்ட் போயிற்று.

7.20. வராந்தாவில் ஸ்நேஹா யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது. மெழுகுவர்த்தியோடு போய்ப் பார்த்தேன். கீழ்ப்படியில் ஒரு பெண் குழந்தை நின்றது. ஸ்நேஹா உயரம்தான். வெளிறிய ஃபிராக். முகத்தை இருட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்… சொட்… மே மாதம், மழை இல்லை. தோண்டிபாவின் பேத்தியாக இருக்கும், குளித்த கையோடு ஓடிவந்திருக்கும் என்று நினைத்தேன். ஆறு கிலோமீட்டர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிஸ்கட் கொடுத்தேன். திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டது. வீட்டுக்குப் போ, அம்மா தேடுவாள் என்று மராட்டியில் சொன்னேன். அசையவில்லை. இருட்டிவிட்டதே, பாவம் என்றுதான் இருந்தது எனக்கு. வாய்ப் பழக்கம் முந்திக்கொண்டது. தமிழில் வந்துவிட்டது.

“சரிடா கண்ணு. போயிட்டு வா.”

அது திரும்பி என்னைப் பார்த்தது. அந்த முகம் எப்படி இருந்தது என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஞாபகம் வரவே இல்லை. பார்த்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. பிறகு இருட்டுக்குள் போய்விட்டது. அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுச் சத்தம் நின்றுபோயிருந்ததைக் கதவைச் சாத்தும்போதுதான் கவனித்தேன்.

7.45. டக்… டக்… டக்…

“அம்மா, அவ ஃபிர்சே வந்துட்டா!” என்று ஸ்நேஹா குதித்தாள்.

கதவைத் திறந்தேன். இப்போது நடுப்படியில் நின்றது. கையில் அதே பிஸ்கட். தண்ணீரில் ஊறிக் கூழாகி விரல் வழியாக வழிந்துகொண்டிருந்தது.  என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல், இப்போது போயிட்டு நாளைக்கு வா என்று அவசரமாகச் சொன்னேன். அதற்குள் ரவி டார்ச்சோடு வந்துவிட்டார். வெளிச்சம் அடித்தார்.

யாரும் இல்லை.

படியில் ஈரக் கால்தடங்கள் இருந்தன. சின்னக் கால். ஏறி வந்த தடம் இருந்தது. இறங்கிப் போன தடம் இல்லை.

“வைஜி, இங்க பக்கத்துல வீடே இல்லையே” என்றார் ரவி. குரல் அவருடையதாகவே இல்லை.

கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டோம். கௌஷிக் கட்டிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். முதல் தடவை நான் வராந்தாவுக்குப் போவதற்கு முன்பே, உன் வீடு எங்கே என்று அந்தக் குழந்தையிடம் அவன் கேட்டிருக்கிறான். அவள் பின்பக்கத்துத் தொட்டியைக் காட்டினாளாம்.

காலையில் போய்விடலாம் என்றார் ரவி. இப்போதே போகலாம் என்றேன் நான். மலைப்பாதையில் இருட்டில் எப்படி ஓட்டுவது என்று அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்காக இன்றுவரை அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார்.

8.02. பின்கதவு.

டக்… டக்…

 ஸ்நேஹாவின் வாயை நான் பொத்திக்கொண்டேன். சத்தம் நின்றது.

நான் கணக்குப் போட்டேன். முதலில் இருபத்தைந்து நிமிஷம். பிறகு பதினேழு. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. முதலில் கீழ்ப்படி, அப்புறம் நடுப்படி, இப்போது பின்கதவு. அடுத்தது வீட்டுக்குள்.

8.10. குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

யாரோ குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

குழந்தைகளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு இருவரும் போனோம். நான்தான் கதவைத் தள்ளினேன். இரண்டு வாளியும் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தன. குவளை காய்ந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

முதுகுக்குப் பின்னால் அறையிலிருந்து ஸ்நேஹாவின் குரல் கேட்டது.

“அம்மா, ஜாகே வரேன்.”

பயத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் திரும்பக்கூட இல்லை.

“ஒழுங்கா சொல்லுடி. போயிட்டு வரேன்.”



அவள் எங்கே கிளம்புகிறாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திருத்தினேன்.

8.14. முன்கதவு திறந்து கிடந்தது.

மேல் தாழ்ப்பாள் ஸ்நேஹாவுக்கு எட்டாது. நாற்காலி எதுவும் நகரவில்லை.

கட்டிலில் கௌஷிக் மட்டும் இருந்தான். 

“பாப்பாவ அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாம்மா. கத்தினேன்மா… சத்தம் வரல.”

ஓடினோம்.

தொட்டிக்குள் ரவி குதித்தார். இரண்டு கையாலும் சருகை வாரி வாரிப் போட்டார். காய்ந்த கல்தான் தட்டுப்பட்டது.

நான் கத்தினேன். வா ஸ்நேஹா, வந்துடு, வாடி செல்லம், வா என்று காடு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

வா… வா… வா…

தோண்டிபா சொன்னது ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

8.25.

படியில் சத்தம்.

சொட்…

சொட்…

மேல்படியில் ஸ்நேஹா உட்கார்ந்திருந்தாள். தலை முதல் கால் வரை ஈரம். டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“போயிட்டு வந்துட்டேன்மா.”

அள்ளி எடுத்தேன். உடம்பு ஜில்லென்றிருந்தது. அழுதேன், முத்தம் கொடுத்தேன், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன். காது மடலுக்குப் பின்னால் இருக்கும் மச்சம் இருந்தது. முழங்காலில் பழைய தழும்பு இருந்தது. என் குழந்தை கிடைத்துவிட்டாள். 8.40க்குப் பெட்டிகளைக்கூட எடுக்காமல் கிளம்பினோம். வழி முழுக்கக் கௌஷிக் கார்க் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். தங்கச்சி பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மாதம் போயிற்று. ஸ்நேஹாவின் தமிழ் திருந்திவிட்டது. ஹிந்தி ஒரு வார்த்தை கலப்பதில்லை. ஸ்கூல் வேனில் ஏறும்போது “போயிட்டு வரேன்மா” என்று அத்தனை அழகாகச் சொல்கிறாள். எதிர்வீட்டுப் பாமா மாமி, நீ டீச்சராச்சே, சாதிச்சுட்டே என்று என்னைப் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. 

காலையில் அவள் தலையணை நனைந்திருக்கும். டாக்டர் வியர்வை என்றார். கௌஷிக் ஹாலில் படுக்கிறான். அவளைப் பாப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். ஒரு நாள் கோபத்தில் ஏன்டா என்று கேட்டேன். “பாப்பா இன்னும் வரலியேம்மா” என்றான். பயந்த பிள்ளை, சரியாகிவிடுவான் என்று ரவி சொன்னார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை 6.50க்கு போன் வந்தது. தோண்டிபா. விடுதிப் பதிவேட்டில் நம்பர் பார்த்துப் பேசுகிறேன் என்றார். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிய வேண்டும் என்றார்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தப் படியில் இருபது வருஷமாக ஒரு குழந்தை வந்து நிற்கும். அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அது வாயே திறக்காது. ‘ஜா’, அதாவது ‘போ’, என்று சொன்னால் போய்விடும். அதனால்தான் யாரும் அங்கே ‘வா’ என்கிற வார்த்தையையே எடுப்பதில்லை. நீங்கள் வந்து போன நாளிலிருந்து அதைக் காணோம்.

“இப்ப வேற ஒண்ணு வருது மேடம்” என்றார். இவ்வளவும் மராட்டியில்.

தினமும் சரியாக 7.20. இது சும்மா நிற்பதில்லையாம். அழுகிறதாம். அம்மா, அம்மா என்கிறதாம். அவர் ‘ஜா’ என்று விரட்டுகிறார். போகும்போது அது தினமும் ஒன்றையே சொல்லிவிட்டுப் போகிறது.

“ஜாகே புரியுது மேடம். அது ஹிந்தி. ‘வரேன்’னா என்ன?”

 போனை வைத்தேனா, கை நழுவிற்றா என்று தெரியாது.

ஹாலில் ஸ்நேஹா தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மூன்று படி போட்ட ஒரு வீடு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முடியைத் தொட்டேன். வேரெல்லாம் ஈரம்.

“கண்ணு… அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை, ‘ஜாகே வரேன்’னு சொல்லுடி.”

பென்சிலை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது அவ சொல்றதும்மா” என்றாள்.