குதிரைக்கு ஒரு ஹாரன்

லப்பைக்குடிக்காட்டுக்குச் சற்று முன்னால் எங்கள் பஸ்ஸை ஒருவர் கைகாட்டி நிறுத்துகிறார். ஏறுவதற்கு அல்ல. இன்னொரு கையில் கயிறு. அதன் முனையில் ஒரு செவலைக் குதிரை.

“ஆத்தோரமா காட்டுத்தனமா திரிஞ்சதுங்க. புடிச்சுப் பழக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை எங்கக்கா மவன் இதும்மேலதான் மாப்பிள்ளை ஊர்வலம் வரணும். ஹாரனுக்கு மட்டும் மெரளுது. கொஞ்சம் அடிங்களேன்,” என்கிறார் டிரைவரிடம்.

ஹாரனுக்காகத் திட்டு மட்டுமே வாங்கிப் பழகிய டிரைவரின் முகம் மலர்கிறது.

“முன்னாடி குதிரை பழக்கியிருக்கீங்களா பாய்?” என்று ஜன்னல் வழியே கேட்கிறேன்.

“சவூதியில கிரேன் ஓட்டினேங்க.”

முதல் ஹாரனுக்கே குதிரை முன்னங்கால்களைத் தூக்குகிறது. பாய் கயிற்றோடு கருவேல மரம் வரை இழுபடுகிறார். கழுத்தைத் தடவி, வெல்லம் கொடுத்து, திரும்ப அழைத்து வருகிறார். மறுபடி ஹாரன், மறுபடி வெல்லம். பஸ்ஸே மூச்சை அடக்கிப் பார்க்கிறது. கடைசியில் டிரைவர் கையை எடுக்காமல் அலறவிட்டும் குதிரை அசையவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்!” பாய்க்குக் கண் கலங்கிவிடுகிறது.

“சரிங்க பாய், ஓரமா ஓட்டிட்டுப் போங்க.”

பாய் இழுக்கிறார். நடுரோட்டில் நிற்கும் குதிரை நகர மறுக்கிறது. பழக்கதோஷத்தில் டிரைவர் இன்னொரு ஹாரன் அடிக்கிறார். குதிரை நேரே வந்து, அவர் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து வாயைத் திறக்கிறது.

“வெல்லம் தீந்துபோச்சுங்க,” என்கிறார் பாய். “பஸ்ஸுல யாராச்சும் இனிப்பு வச்சிருக்கீங்களா?”