உயிரோடு இருந்தவரின் அஞ்சலிப் பக்கம்

கணினியில் உள்ள கோப்புகளை வெப் சர்வரில் ஏற்ற ஸ்கிரிப்ட் எழுதிப் பிழைப்பவர்களே, நாம் எழுதியது சொன்னதைச் செய்யும், ஏன் என்று கேட்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் வங்கிகளுக்கு இந்த வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு இங்கே கிடைத்த முதல் வாடிக்கையாளர், கரையான்சாவடியில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாஸ்கர்.

முன்கூட்டியே

பாஸ்கருக்குப் பாதி வேலை கண்ணீர் அஞ்சலிதான். சாலையில் பேனர், வெளியூர் உறவுகள் பார்க்க இணையத்தில் ஒரு பக்கம். டிசைனை ஒரு போல்டரில் போட்டால் போதும், என் ஸ்கிரிப்ட் அவ்வப்போது எட்டிப் பார்த்து, சர்வரில் இல்லாததை ஏற்றிவிடும். கடையின் வழக்கம் ஒன்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் யாராவது மோசமாகக் கிடந்தால் வீட்டார் முன்பே போட்டோ கொடுத்துவிடுவார்கள். தேதியை மட்டும் காலியாக விட்டு டிசைன் தயாராகிவிடும். அதையும் பாஸ்கர் அதே போல்டரில் வைத்தார். கேட்டதற்கு, "சாவு ஊட்ல உக்காந்து யாரு சார் போட்டோ தேடிகினு இருப்பாங்க?" என்றார்.

மாலை

திருமழிசையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர் ஏழுமலை. நெஞ்சுவலியில் அவர் கிடந்தபோது மகன்கள் பாஸ்கரிடம் போட்டோ கொடுத்திருந்தார்கள். அவர் தேறி, இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வீடு திரும்பினார். அதைப் பாஸ்கருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டிசைன் முடிந்து போல்டருக்குப் போனது, ஸ்கிரிப்ட் அதை இணையத்தில் ஏற்றியது. மத்தியானம் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து, பக்கத்தைப் பார்த்துவிட்டு, அவர் மனைவியின் தம்பி ரோஜா மாலையோடு வந்து கதவைத் தட்டினார். திறந்தது ஏழுமலை. மாலையைக் கொடுக்கவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் நின்றவரிடம் அவர் சொன்னாராம்: "வந்தது வந்துட்ட மச்சான், ஒரு வாய் சாப்ட்டு போ."

அழிக்க அழிக்க

பாஸ்கர் பதறிப்போய் சர்வரில் அந்தப் படத்தை அழித்தார். சற்று நேரத்தில் திரும்ப வந்தது. மறுபடி அழித்தார், மறுபடி வந்தது. உங்களுக்குப் புரிந்திருக்கும்: கடைக் கணினியில் கோப்பு இருக்கிறது, சர்வரில் இல்லை, ஆகவே ஸ்கிரிப்ட் ஏற்றுகிறது. ஏழுமலையின் மனைவியோ போனை மடியில் வைத்துக்கொண்டு, கணவரின் முகம் மறைவதையும் மாலை போட்ட படமாகத் திரும்ப வருவதையும் பார்த்தபடி இருந்திருக்கிறார். ஆபரேஷன் இல்லாவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேரில் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது கூப்டுகினே கீது சார், நான் இவர ஆபரேஷனுக்கு அனுப்ப மாட்டேன்."

வெற்றுப் பக்கம்

கடைக்குப் போய் கோப்பை அழித்தேன். ஸ்கிரிப்டை நிறுத்தினேன். சர்வரிலும் சுத்தமாகத் துடைத்தேன். மறுநாள் காலை அவர்கள் வீட்டில், அந்தம்மாவின் போனிலேயே பக்கத்தைத் திறந்து காட்டினேன். வெறும் வெள்ளை. அவர் மூச்சு விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெற்றியிலிருந்து கீழ்நோக்கி, மெதுவாக, முகம் வந்தது.

போனில் பழைய நகல் தங்கியிருக்கும் என்றேன். வெள்ளையாக வந்த பக்கத்தில் பழைய நகல் பிறகு வந்து உட்காராது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏழுமலை போனை வாங்கிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்: "நான் இங்க கீறப்போ அது இன்னாத்துக்கு வருது? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லு, ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

வேறு போட்டோ

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறியதும் ஏழுமலை கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். திறந்த சட்டைக்குள் தழும்பு தெரிந்தது. பாஸ்கர் எழுந்து நின்றுவிட்டார். ஏழுமலை பையிலிருந்து வேறொரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். "பசங்க குடுத்தது நல்லா இல்ல நைனா, இத வெச்சிக்க. நேரம் வந்தா நானே வந்து சொல்றேன், அப்ப ஏத்து."

இப்போது யாராவது 'சரி' என்று அழுத்தினால்தான் என் ஸ்கிரிப்ட் படத்தை ஏற்றும். அழுத்துவது யார் என்பதை மட்டும் அது சரிபார்ப்பதில்லை.